திலீபன் தொட்டியில் சிவப்பு

ஜூலை 6, 2025. ஞாயிறு

தொட்டியில் மறுபடி சிவப்பு. மணல் மேல் ஒரு கைக்குட்டை அகலத்துக்குப் படர்ந்திருக்கிறது. போன ஞாயிறு முழுக்க எடுத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

விவரங்களை எழுதி வைக்கிறேன். முப்பத்து மூன்று வருடம் நிருபராக இருந்ததில் வேறெதுவும் எனக்குக் கைவரவில்லை. தொட்டி நான்கடி நீளம். கடல்நீர்த் தொட்டி, ஆர்.ஓ. தண்ணீரில் இதற்கென்றே விற்கிற உப்பைக் கரைத்து ஊற்றுவது. உள்ளே இரண்டு கோமாளி மீன்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. அவை ஒட்டிக்கொண்டு கிடக்க ஒரு கடல் சாமந்தி, பூப்போல விரிகிற ஓர் உயிர். எல்லாம் என் மகன் திலீபன் வைத்தது. இங்கே விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தான். மார்ச் மாதம் வேப்பூர் ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான். வயது இருபத்தேழு.

அந்தச் செய்தியை நான் எழுதவில்லை. வேப்பூர் நிருபர் எழுதினார். வயதை இருபத்தாறு என்று போட்டிருந்தார்.

அம்சவல்லி பேசுவது குறைந்துவிட்டது. சமைக்கிறாள், குளிக்கிறாள், விளக்கேற்றுகிறாள். மற்ற நேரமெல்லாம் ஹாலில் தொட்டிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். மீன் சாமந்திக்குள் புகுந்து வெளியே வரும்போது அவள் முகத்தில் ஏதோ அசைகிறது. வேறு எதற்கும் அசைவதில்லை. ஆகவே இந்த மீன்கள் சாகக் கூடாது. விஷயம் இவ்வளவுதான்.

ஜூலை 8, செவ்வாய்

நெய்வேலியில் மீன் கடை வைத்திருக்கும் அன்பரசனுக்குப் போன் செய்தேன். திலீபன் உப்பும் தீனியும் அவனிடம்தான் வாங்குவான்.

“சார், அது பாசி இல்ல சார். எல்லாரும் பாசின்னுதான் சொல்லுவாங்க. அது பாக்டீரியா. சயனோ. பாசின்னா நத்தை மேஞ்சிடும். இத நத்தைகூட மோந்து பாத்துட்டு பூடும்.”

“எப்படிப் போகும்?”

“போவும் சார். ஆனா திரும்பி வரும். எலெக்‌ஷன்ல தோத்தவன் மாதிரி.”

சிரித்தான். உடனே நிறுத்திக்கொண்டான். யாருடைய தொட்டி என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அவன் சொன்ன காரணங்கள்: தீனி அதிகம், தண்ணீர் ஓட்டம் குறைவு, விளக்கு நேரம் அதிகம், எங்கிருந்தோ பாஸ்பேட் சேருவது. பாஸ்பேட் என்றால் பயிருக்குப் போடும் உரத்தில் இருப்பதுதான். “உள்ளாற என்னா போவுதுன்னு பாருங்க சார். போவாம இது வளராது.”

ஜூலை 13, ஞாயிறு

குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். உரிந்த தோல் மாதிரி துண்டு துண்டாக வருகிறது. கையில் வழவழப்பு. நாற்றம் மழைக்காலச் சாக்கடையைப் போல. வாளியில் பார்த்தால் சிவப்பு இல்லை, காய்ந்த ரத்த நிறம்.

அம்சவல்லி பின்னால் நின்று பார்த்தாள். “மெதுவா. பயப்படுது பாருங்க,” என்றாள். இந்த வாரம் அவள் தானாகப் பேசிய வாக்கியம் அநேகமாக இது ஒன்றுதான்.

ஜூலை 17, வியாழன்

சுத்தம். ஆடி முதல் நாள். தீனியைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

வந்துவிட்டது. சாமந்திக்குக் கீழே, கல்லின் மடிப்பில். காலையில் இல்லை, விளக்கு எரிந்து மூன்று நான்கு மணி நேரத்தில் சிவந்து, மேலே சின்னச் சின்னக் குமிழிகளோடு நிற்கிறது. மனு நாள் என்று தாலுகா ஆபீஸ் போயிருந்தேன். யாருடைய மனுவும் மனதில் நிற்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். நம் தெருவில் போர் தண்ணீர் டம்ளரில் வெள்ளை வட்டம் விடும். ஆர்.ஓ. மெஷினின் பில்டர் மூன்றையும் மாற்றினேன். அன்பரசன் பாஸ்பேட் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று கொடுத்திருக்கிறான்: சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்து கலந்தால், பாஸ்பேட் இருக்கிற அளவுக்கு நீலமாகும். ஆர்.ஓ. தண்ணீர் நிறம் மாறவில்லை. உப்பு கரைத்த தண்ணீரும் மாறவில்லை. தொட்டித் தண்ணீர் நல்ல நீலம்.

அப்படியானால் தண்ணீரிலோ உப்பிலோ இல்லை. தொட்டிக்குள் வந்தபிறகுதான் சேருகிறது. எங்கிருந்து?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நான்கு நாள் இருட்டு. வெளிச்சம் இல்லாவிட்டால் அது வாழாது என்று அன்பரசன் சொன்னான். விளக்கை அணைத்து, கறுப்புத் துணியால் நான்கு பக்கமும் மூடிக் கட்டினேன். மேல் மூடியில் மட்டும் காற்று போக இடம் விட்டேன்.

அம்சவல்லி வழக்கம்போல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே கறுப்புத் துணி. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள நல்லாத்தான் இருக்கும்,” என்றேன்.

“அவன கொண்டாந்து போட்டப்பவும் இப்டித்தான் மூடியிருந்தாங்க. மூஞ்சிய பாக்க வுடல.”

எழுந்து வெளியே போய்விட்டேன். பாலக்கரை வரை நடந்து, ஒரு டீ குடிக்காமலேயே திரும்பி வந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இதைப் பார்க்க முடியாமல், அவள் தங்கை பூங்கோதையை வரச் சொல்லி, அம்சவல்லியைத் திட்டக்குடிக்கு அனுப்பி வைத்தேன். “பத்து நாள் வச்சி அனுப்பறேன் மாமா. நீங்க சாப்புடாம கெடக்காதீங்க,” என்றாள் பூங்கோதை. அம்சவல்லி பஸ் ஏறும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்: “துணிய என்னிக்கு அவுப்பீங்க?”

ஆகஸ்ட் 7, வியாழன்

அவிழ்த்தேன். சிவப்பு இல்லை. மணல் வெள்ளையாக இருக்கிறது. மீன் இரண்டும் வெளிச்சத்துக்குக் கூசி சாமந்திக்குள் பதுங்கின. போன் செய்து சொன்னேன். “ம்,” என்றாள். அந்த ‘ம்’ கொஞ்சம் நீளமாக இருந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இன்னும் சுத்தம். கொடியேற்றும் செய்திகளை அனுப்பிவிட்டு வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். இருட்டு வேலை செய்திருக்கிறது. இன்று மாலை அம்சவல்லி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே தொட்டியிடம் போனாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

திரும்ப வந்துவிட்டது. முன்பைவிட வேகம். கண்ணாடி மேலும் ஏறியிருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று செய்ததை எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

தொட்டிக்குள் இருக்கும் பெரிய கல் கடல் கல் அல்ல. திலீபன் கம்பெனிச் சூளையில் சுட்டு எடுத்து வந்த பீங்கான். குகை மாதிரி வளைத்து, உடம்பெல்லாம் ஓட்டை ஓட்டையாகச் செய்தது. களிமண்ணிலிருந்தோ கலந்த ரசாயனத்திலிருந்தோ பாஸ்பேட் கசிகிறதோ என்று நினைத்து வெளியே எடுத்துவிட்டேன். அம்சவல்லி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

“அத எதுக்குங்க எடுத்தீங்க? அவன் கைபட்டது அது ஒண்ணுதான் உள்ள இருக்குது!”

சாமந்தி வேறு கல்லில் இருந்ததால் தப்பித்தது. மீன்கள் மூலையில் போய் ஒண்டிக்கொண்டன. கல்லைப் பையில் போட்டு, திலீபன் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி குருமூர்த்தி வீட்டுக்குப் போனேன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரிப்போர்ட்டர் சார், இது ஆயிரத்து எரநூறு டிகிரில வெந்தது. இதுல கசியறதுக்கு என்னா மிச்சம் இருக்கும்? இதே சூளையில நாங்க சுடற ஃபியூஸ் கட்டையே கசிய ஆரமிச்சிட்டா கடலூர் மாவட்டத்துல ஒரு வூட்டுலயும் கரண்டு இருக்காது.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “மரத்தூளக் கலந்து புடிச்சான் சார். சூளையில தூளு எரிஞ்சி ஓட்டையாயிடும்னு. மொத தடவ வெடிச்சிது. ரெண்டாந் தடவையும் வெடிச்சிது. ‘சார், சூளையில இன்னொரு எடம் குடுங்க’ன்னு கேட்டுக் கேட்டு, ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டு வச்சான். இது ஏழாவது.”

அடியில் பார்த்தேன். 7 என்று கீறியிருந்தது. அவர் பேச்சை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. உப்புத் தண்ணீர் வாளியில் கல்லை ஊறப்போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. வாளித் தண்ணீர் நீலமாகவில்லை. கல் குற்றமற்றது. திரும்ப வைத்தேன். என்னைத் தவிர எல்லோருக்கும் முதலிலேயே தெரிந்திருந்தது போல.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஓட்டத்துக்கு இன்னொரு பம்பு. விளக்கு ஆறு மணி நேரம். தீனி இரண்டு நாளைக்கு ஒருமுறை. ஞாயிறுதோறும் உறிஞ்சல், தண்ணீர் மாற்றல். எல்லாம் செய்தாகிவிட்டது. சிவப்பு இப்போது சாமந்தியின் காலைச் சுற்றியிருக்கிறது. சாமந்தி சுருங்கி ஒரு முஷ்டி அளவாகிவிட்டது. சின்ன மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

என்ன உள்ளே போகிறது? யாரைக் கேட்பது? இந்த வீட்டில் நானும் அவளும்தான்.

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

செப்டம்பர் 10, புதன்

அன்பரசன் மருந்து கொடுத்தான். பாக்டீரியாவைக் கொல்வது. “கடைசி வழி சார் இது. போட்டா தண்ணில காத்து கொறையும். பாத்துக்கோங்க.” இன்று காலை போட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

சிவப்பு உதிர்ந்துவிட்டது.

செப்டம்பர் 13, சனி

சின்ன மீன் செத்துவிட்டது. பம்பின் சல்லடையில் ஒட்டிக் கிடந்தது. அம்சவல்லிதான் முதலில் பார்த்தாள். கையை விட்டு எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கொல்லையில் முருங்கை மரத்தடியில் குழி பறித்து வைத்தாள். நான் கூட வரவா என்று கேட்டபோது கொல்லைக் கதவைத் தாண்டிவிட்டிருந்தாள். இரண்டு நாள் சாப்பிடப் போவதில்லை என்று தெரியும்.

செப்டம்பர் 19, வெள்ளி

கடலூரில் இருந்த கூட்டம் ரத்து. விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த நேரத்தில் வழக்கமாக பஸ் ஸ்டாண்டு பக்கத்து அறையில் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பேன்.

அம்சவல்லி விளக்கேற்றினாள். திலீபன் படத்துக்கு விபூதி வைத்தாள். பிறகு விபூதி இருக்கும் மரவையைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டிக்கு வந்து, மூடியைத் தூக்கி, மூன்று விரலால் விபூதி எடுத்துத் தண்ணீரில் போட்டாள். “பாத்து போ. ஓரமா போ,” என்றாள்.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“என்ன போட்ட?”

“விபூதிங்க.”

“எத்தன நாளா?”

“காரியம் முடிஞ்சதுலேர்ந்து.”

“தினமுமா?”

“தெனமும்தான். திட்டக்குடி போனப்ப மட்டும் போடல.”

“எவ்வளவு?”

“நெத்திக்கு எவ்ளோவோ அவ்ளோ.”

பேட்டி எடுப்பதுபோல அடுத்தடுத்துக் கேட்டேன். அவளும் போலீஸ்காரனுக்குச் சொல்வதுபோலப் பதில் சொன்னாள். ஏன் என்றுதான் கடைசியாகக் கேட்டேன். அதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

“தெனம் வேலைக்குப் போவும்போது நான்தானே வச்சி வுடுவேன். அன்னிக்கு நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள வண்டிய எடுத்துட்டான். ‘வந்து வச்சிக்கிறேம்மா’ன்னு வாசல்லேர்ந்து சொன்னான். வெறும் நெத்தியோட பூட்டான். படத்துக்கு வச்சா கண்ணாடிலதான் ஒட்டுது. இதுங்க அவன் வளத்த உசுரு. இதுங்களுக்காவது படட்டுமேன்னு…”

இதைக் கேட்டபிறகும் நான் அதைச் செய்தேன். இரண்டு டம்ளரில் புதிதாகக் கரைத்த உப்புத் தண்ணீர் எடுத்தேன். ஒன்றில் மரவையிலிருந்து ஒரு சிட்டிகை. கலக்கி, தெளியவிட்டு, சோதனைக் குழாயில் பிடித்தேன். ஒன்று நிறம் மாறவில்லை. இன்னொன்று இங்க் மாதிரி நீலம். பூங்கோதை வீட்டு விபூதி; பசுஞ்சாணத்தை உருட்டி உமியில் போட்டு எரித்து அனுப்புவாள். சாணமும் உமியும். வயலுக்குப் போட்டால் பயிர் வளரும். தொட்டியில் போட்டால் இது வளர்கிறது. எல்லாம் பொருந்துகிறது. அவள் திட்டக்குடியில் இருந்தபோதுதான் தொட்டி சுத்தமாக இருந்தது, இருட்டால் அல்ல.

அவளைக் கூப்பிட்டு இரண்டு குழாயையும் காட்டினேன். “நீ போடற விபூதிதான் மீனைக் கொன்னிருக்கு,” என்றேன்.

நான் சொன்ன வார்த்தைகள் இவையே. மாற்றி எழுதவில்லை.

அவள் நீலக் குழாயைப் பார்த்தாள். அழவில்லை. மரவையைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு, விளக்கை மலை ஏற்றிவிட்டாள்.

செப்டம்பர் 20, சனி

நாற்காலி ஹாலில் இல்லை. கொல்லைக் கதவோரம் கிடக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

சிவப்பு இல்லை. உறிஞ்ச ஒன்றுமில்லை. குழாயைக் கழுவிக் காயப்போட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் பேனாவுக்கும் வண்டிக்கும் பொட்டு வைத்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் எதையும் தொடவில்லை. சாமி மாடத்தில் விளக்கு எரிவதில்லை. மரவை மூடியே இருக்கிறது.

காலையில் வெளியே கிளம்பும்போது, “எனக்காவது கொஞ்சம் வச்சி விடேன்,” என்று சொல்லிப் பார்த்தேன்.

“வேணாம்.”

“ஏன்?”

“கொன்னது போதும்,” என்றாள்.

வண்டியை எங்கே ஓட்டினேன் என்று தெரியவில்லை. கம்மாபுரம் தாண்டி, சுரங்கத்துக்கு எடுத்த நிலங்களின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன். நடவு நட்ட வயலுக்கு அடுத்த வரப்பில் நிலம் முடிந்து பள்ளம் ஆரம்பிக்கிறது. அங்கே நின்றேன். செய்தி எதுவும் இல்லை. திரும்பி வந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூங்கோதை வந்தாள். அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“என்னா மாமா, அக்கா இப்டி எளைச்சி பூடுச்சி! வளையல் முட்டி வரைக்கும் ஏறுது. அப்பவாவது மீனப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கும். இப்ப செவுத்தப் பாக்குது. என்னா சொன்னீங்க அதுகிட்ட?”

சொன்னேன். என்ன நடந்தது, என்ன சோதித்தேன், என்ன முடிவு என்று வரிசையாக.

“நீங்க சொன்னது நெஜமாவே இருக்கட்டும். அத அதுகிட்ட சொல்லித்தான் ஆவணுமா? ராத்திரியோட ராத்திரியா மரவைல கோலமாவ கொட்டி வச்சிருந்தா ஆவாதா? பேப்பர்லயா போடப் போறீங்க?”

எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் செய்திருக்க மாட்டேன். கண்டுபிடித்தால் சொல்லிவிட வேண்டும், பெயரோடு. வேறு மாதிரி எனக்குப் பழக்கமில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. வெடிச் சத்தத்துக்குப் பெரிய மீன் மட்டும் பயந்தது.

அக்டோபர் 23, வியாழன்

அன்பரசன் இந்தப் பக்கம் வந்தவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். தொட்டியைப் பார்த்ததும் வாய் பிளந்தான். “சார்! எங்கடையில கூட இவ்ளோ சுத்தமா இல்ல சார். தண்ணி இருக்கறதே தெர்ல. என்னா சார் பண்ணீங்க?” போட்டோ எடுத்துக்கொண்டான். சாமந்தி முழுக்க விரிந்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கிறது. பெரிய மீன் அதில் புரண்டுகொண்டிருந்தது.

அம்சவல்லி அவனுக்கு டீ கொண்டுவந்தாள். டம்ளரை வைத்தாள். தொட்டி அவள் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. திரும்பவில்லை.

“அம்மா, உங்க மீனு ஜம்முனு இருக்குதும்மா,” என்றான்.

“நீயே எடுத்துக்கினு போயிடு தம்பி,” என்றாள். “இங்க இருந்தா செத்துடும்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

யோசித்ததை எழுதுகிறேன்.

நான் கொடுத்த செய்தி சரியா? விபூதியில் பாஸ்பேட் இருக்கிறது, சரி. அதனால் சிவப்பு வந்தது, சரி. மீன் செத்தது அதனாலா? தெரியாது. மருந்து போட்ட மூன்றாம் நாள் செத்தது. மருந்தால் காற்று குறையும் என்று அன்பரசன் முதலிலேயே எச்சரித்திருந்தான். மருந்து போட்டவன் நான். அதை விட்டுவிட்டு ஒரு பெயரை மட்டும் சொன்னேன்.

இதை அவளிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். “நான் போடாட்டி மருந்தே போட்டிருக்க மாட்டீங்கல்ல?” என்கிறாள். அவள் கணக்கில் இரண்டு சாவு. வைக்காமல் விட்டதால் ஒன்று, வைத்ததால் ஒன்று.

வார்த்தையால் இனி முடியாது. அவள் கண்ணால் பார்க்க வேண்டும். விபூதி போடாமலேயே சிவப்பு வர வேண்டும்.

வரவைக்க எனக்குத் தெரியும். இத்தனை மாதமும் அதைத்தானே படித்தேன்.

பெரிய மீன் செத்தால்?

அக்டோபர் 27, திங்கள்

கல்லுக்குப் பின்னால் இருக்கும் பம்பை நிறுத்தினேன். விளக்கை விடிந்ததிலிருந்து இருட்டும்வரை விட்டேன். உறைந்த இறால் துண்டுகளை மூன்று மடங்கு போட்டு, மீன் தின்னாமல் விட்டதை மணலிலேயே கிடக்கவிட்டேன். அவள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நிற்கும்வரைதான் நேரம்.

தப்பாக ஒரு வரி எழுதியதில்லை என்று பிரஸ் கிளப்பில் இளைஞர்களிடம் சொல்லிக்கொள்வேன். இப்போது ஒரு முழுச் செய்தியையே தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 31, வெள்ளி

மணலில் பழுப்புத் தூசி மட்டும். சிவப்பு இல்லை. வேண்டாம் என்றபோது வந்தது. வா என்றால் வரமாட்டேன் என்கிறது.

நவம்பர் 4, செவ்வாய்

கல் மடிப்பில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு. டார்ச் அடித்துப் பார்த்தேன். குமிழியும் இருக்கிறது. சந்தோஷப்பட்டேன். இதற்குச் சந்தோஷப்படுகிற இடத்துக்கு வந்து நிற்கிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

கண்ணாடி வரை ஏறிவிட்டது. சாமந்தி சுருங்க ஆரம்பித்திருக்கிறது. மீனின் செவுள் வேகமாக அடிக்கிறது. இன்னும் இரண்டு நாள் விட்டால் நன்றாகத் தெரியும். இரண்டு நாள் இது தாங்குமா? திலீபா, உன் மீனைக் கொஞ்சம் கடனாகக் கொடு.

நவம்பர் 9, ஞாயிறு

தாங்கவில்லை, மீன் அல்ல, நான். காலையிலேயே கூப்பிட்டேன்.

“அம்சா, இங்க வா.”

“என்னா?”

“வந்து பாரேன்.”

சமையலறை நிலைப்படியில் நின்றாள். அங்கிருந்தே தெரிந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது.

“நான் ஒண்ணும் போடலிங்க. சத்தியமா போடல.”

அந்தக் குரலை நான் போலீஸ் ஸ்டேஷன் வாசல்களில் கேட்டிருக்கிறேன். வீட்டில் கேட்டதில்லை.

“தெரியும். நீ போடல. ஒன்றரை மாசமா ஒண்ணுமே போடல. ஆனாலும் வந்திருக்கு.”

“அன்னிக்கு நீலமா காட்டுனீங்களே?”

“சாம்பல் எதைப் போட்டாலும் நீலமாகும். அதை வச்சி நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். காரணம் அது இல்ல. தப்பு என்னுது.”

“ஒங்களுக்கா? தப்பா?”

“எனக்கு வராதா?”

என்னைப் பார்த்தாள். பொய் சொல்கிறவனை அடையாளம் காண எனக்குச் சில வழிகள் தெரியும். கை எங்கே போகிறது, கண் எப்போது இமைக்கிறது. அத்தனையும் என் உடம்பில் நடப்பதை உணர்ந்தேன்.

அவள் மெதுவாக வந்து தொட்டி முன்னால் குனிந்தாள். கண்ணாடியில் மூச்சு படிந்தது. வெகு நேரம் பார்த்தாள். மாதக்கணக்கில் இதன் முன்னால் உட்கார்ந்தவள் அவள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பார்த்தவன்.

“பின்னாடி பம்பு ஓடல,” என்றாள்.

என் கண் தானாக சுவிட்ச் பக்கம் போனது.

சுவர்ப் பக்கம் கையை விட்டு, சுவிட்சைத் தேடிப் பிடித்துப் போட்டாள். தண்ணீர் அசைந்தது. கல்மேலிருந்து ஒரு சிவப்புத் துண்டு கிழிந்து மிதந்தது.

“அப்ப நான் இல்ல,” என்றாள். கேட்டாளா, சொன்னாளா, எனக்குப் பிடிபடவில்லை.

“நீ இல்ல.”

“பெருசுக்கு மூச்சு வாங்குது பாருங்க. நின்னுக்கினே இருக்கீங்க? போயி உப்புத்தண்ணி கரைங்க.”

இரண்டு பேரும் சேர்ந்து உறிஞ்சினோம். வாளியை அவள் பிடித்தாள். நான் குழாயை வேகமாக இழுத்தபோது என் கையில் ஒரு அடி போட்டாள்.

நவம்பர் 10, திங்கள்

மீன் உயிரோடு இருக்கிறது. ஒரு துண்டு இறால் தின்றது. சாமந்தி பாதி விரிந்திருக்கிறது.

நவம்பர் 12, புதன்

நாற்காலி ஹாலுக்கு வந்துவிட்டது.

நவம்பர் 14, வெள்ளி

மழையில் மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்திருக்கிறது என்று படம் எடுக்கப் போய்விட்டு இருட்டியபின் வீடு திரும்பினேன். சாமி மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மரவை திறந்திருந்தது. அம்சவல்லி இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். தொட்டியின் மேல் கண்ணாடி விளிம்பில், ஈரத்தில், வெள்ளையாக நாலைந்து துகள்கள் ஒட்டியிருந்தன.

துடைக்கவில்லை.

வாசலுக்கு வந்து அன்பரசனுக்குப் போன் செய்து, உறிஞ்சுவதற்கு இன்னும் பெரிய குழாயாக ஒன்றும் ஒரு மூட்டை உப்பும் அனுப்பச் சொன்னேன்.

“ஏன் சார், மறுபடி வந்துடுச்சா?”

“வரும்,” என்றேன்.